பயந்த பிள்ளைகள்

மிச்சம் (Mitcham) என்ற ஆங்கிலேய ஊரில் உள்ள ஒரு மதரஸாவில் பெண்பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அங்கே தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வந்த பன்னிரண்டு பேருக்கு ஓதிக்கொடுத்தவர் சுஹைரா டீச்சர். யாழ்ப்பாணத்தில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்தவர். பதினெட்டு வருடத்தில் ஒரு பிள்ளையையும் அதட்டியதில்லை. காய்ச்சலென்றால் கஞ்சியோடு போய் நிற்பார். அவருடைய வகுப்பில் சத்தமே இராது.

பக்கத்து வகுப்பு மிஸ்றியா டீச்சருடையது. சுவரில் இருபத்துமூன்று விதிகளை ஒட்டியிருந்தார். மீறினால் தண்டனை. பிள்ளைகள் மேசையில் தாளம் போட்டார்கள்.

பெப்ரவரியில் அரசாங்கப் பரிசோதகர் ஒருவர் வந்தார். வெள்ளைக்காரப் பெண். சுஹைரா டீச்சருக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். ஒருத்தி தும்மலைக்கூட அடக்கினாள். டீச்சர் எப்படியென்று கேட்டதற்குப் பன்னிரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

அறிக்கை வந்தது. சுஹைராவின் மாணவிகள் அச்சத்தில் இருக்கிறார்களாம். மிஸ்றியாவின் வகுப்பிலோ மனந்திறந்து பேசும் சூழலாம். பிள்ளைகளோடு அன்பாகப் பழகுவது எப்படியென்று சுஹைராவுக்கு ஆறு வாரப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தது. மிஸ்றியாதான் பயிற்சியாளர்.

மிஸ்றியா கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தார். "நான் உங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தாறது?"

"எனக்கும் தெரியேல்லை. முதல்ல தேத்தண்ணி குடிப்பம்," என்றார் சுஹைரா. சிரித்தாலும் அன்று முழுக்க மனம் சரியில்லை. அவர்களுக்கு என்னிடம் பயமா?

சங்கதி தெரிந்ததும் ஹப்ஸா என்ற பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். "நாங்கள்தான் டீச்சர் கெடுத்துப்போட்டம்."

"அழாதைங்கோ. அடுத்தமுறை அந்த மிஸ் வரேக்கை கொஞ்சம் சத்தம் போடுங்கோ, அது போதும்."

ஜூனில் அந்தப் பரிசோதகர் மறுபடி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். உடனே பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. ஹப்ஸா எழும்பி மரியாதையாகக் கேட்டாள்:

"டீச்சர், இப்ப சத்தம் போட ஏலுமோ?"

சுஹைராவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். தமிழ் தெரியாத பரிசோதகர் உயர்ந்த கைகளையும் சிரிப்பையும் பார்த்து, பயிற்சி நல்ல பலன் தந்திருப்பதாக எழுதினார்.

அந்த மாதமே மிஸ்றியாவை ஒழுக்கப் பொறுப்பாளராக்கினார்கள். சுஹைரா ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வந்து, எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். மிஸ்றியா என்றாலே முகத்தைச் சுளிக்கும் பிள்ளைகள், சொன்னது சுஹைரா டீச்சர் என்பதால், ஒருத்தி தவறாமல் போட்டார்கள்.