சின்னவனுக்குப் பழசு

சம்மட்டி விழுந்த வேகத்தில், பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் முன்மூடி இரண்டாகப் பிளந்தது. சிக்கிக்கொண்ட சம்மட்டியைக் காலால் மிதித்து இழுத்தெடுத்து, ஸ்ரீதரன் மறுபடி ஓங்கினார். மகனின் கிரியைக்கென்று உடுத்தியிருந்த வேட்டி முழங்காலுக்கு மேலே சுருண்டு கிடந்தது. பாதி திறந்திருந்த கராஜ் கதவின் கீழால் பனித்தூள் உள்ளே வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு இறங்கும் படியில் வெறுங்காலோடு நின்ற பாலேஸ்வரிக்குக் குளிர் தெரியவில்லை.

"அத்தான், காணும். சனம் மண்டபத்துக்குப் பார்வைக்கு வரத் தொடங்கியிருக்கும். வெளிக்கிடுவம்."

பாலேஸ்வரியின் தம்பி ராகுலன் இப்படிச் சொல்லிக்கொண்டே பின்னால் போய் அவருடைய தோளைப் பிடித்தான். ஸ்ரீதரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கை மட்டும் பின்னுக்கு வந்தது. ராகுலன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான். விரல் இடுக்கால் இரத்தம் வழிந்து, வெள்ளைச் சட்டையில் சொட்டியது.

"அக்கா, மனுசனை நீயாவது பிடியன்."

"நீ இஞ்சாலை வா. பிடிச்சால் என்னையும் சேர்த்துத்தான் அடிப்பார்."

"உவன் எங்கை?" ஸ்ரீதரன் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "மேலை ஒளிச்சிருக்கிறானோ? வரச்சொல்லடி கீழை. தான் புதுசிலை ஏறிக்கொண்டு தம்பிக்குப் பழசைக் குடுத்தவனெல்லோ. வந்து பாக்கட்டும் தன்ரை புதுசை. இதுக்குப் போடுறதை அவன்ரை மண்டையிலையும் ஒண்டு போடுறன்."

அடுத்த அடி இருக்கையில் விழுந்தது. பஞ்சு பிதுங்கியது.

பாலேஸ்வரியின் வாய்க்குள் ஒரு வசனம் இருந்தது. ஒரு கிழமையாக அவள் அதை மென்று விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. 'நீங்கள்தானே அவனுக்குப் பழசைக் குடுக்கச் சொன்னனீங்கள்.' அவ்வளவுதான். அதைச் சொன்னால் சம்மட்டி அந்த இடத்திலேயே கையைவிட்டு விழும். சம்மட்டியோடு மனுசனும் விழுவார். பிறகு எழும்பமாட்டார். அது அவளுக்கு வடிவாகத் தெரியும்.

அவள் படியேறி உள்ளே போனாள்.

மூத்தவன் ஜெனோசன் மேல்மாடியில், தம்பி நிதுசனுடைய கட்டிலின் விளிம்பில், கோட்டும் சூட்டுமாக இருந்தான். கீழே விழும் ஒவ்வொரு அடிக்கும் அவன் கண் ஒருதரம் மூடித் திறந்தது.

"என்ரை வண்டியையோ உடைக்கிறார்?"

"ஓம்."

"உடைக்கட்டும். அம்மா, நான் எவ்வளவு ட்ரை பண்ணினன் தெரியுமோ? புரண்டு கிடந்த வண்டியின்ரை முன் ஸ்கீயைப் பிடிச்சு இழுத்தன். கீழை ஒரு மரக்கட்டையைக் குடுத்து நெம்பினன். பனி இடுப்பு மட்டும். அவன் அடியிலை கிடந்து, 'அண்ணா, மெல்லமா' எண்டு சொல்லுறான். பேந்து சொல்லேல்லை. அது அசையேல்லை அம்மா. புதுசெண்டால் நான் தனியப் புரட்டியிருப்பன்."

பாலேஸ்வரி அவனுடைய தலைமயிரைக் கோதிவிட்டாள்.

"ட்ரெயிலராலை இறக்கேக்கை சொன்னனான், வண்டியை மாத்தி ஓடுவமெண்டு. அவன் விடேல்லை. 'பழசைத்தான் ஓடுவன் எண்டு அப்பாவுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்' எண்டு சிரிக்கிறான்." ஜெனோசன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "இண்டைக்கு சனத்துக்கு முன்னாலை அவர் கேட்டால் நான் சொல்லிப்போடுவன். என்னாலை இனி ஏலாது. நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா."

"வெளிக்கிடு, நேரம் போகுது," என்றாள் அவள்.

*

எல்லாம் போன மார்கழியில் தொடங்கிய கதை. பாரி நகரப் பக்கம், பனிவண்டி விற்கிற ஒரு கொட்டில் கடை. சுப்பீரியர் ஏரிக்கு அங்காலே உள்ள மலைகளில் ஓடுவதற்கென்று பெடியன்கள் இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்து, ஆளுக்கொன்று எடுக்கப் போனார்கள். அங்கே மலைக்கென்று செய்த வண்டிகளில் இரண்டுதான் அவர்களுக்குத் தோதாக இருந்தன. ஒன்று அந்த வருடம் வந்த புதுசு. மற்றது பல குளிர்காலம் கண்ட பாவித்த வண்டி. ஸ்ரீதரன் தானும் வருவேன் என்று நின்றார். மனுசன் வராவிட்டால் வீட்டில் சண்டை, வந்தால் போகிற இடத்தில் சண்டை. அதனால் பாலேஸ்வரியும் போனாள்.

ஸ்ரீதரன் புதுசின் மூடியில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"உது பிளாஸ்ரிக்கு. உதுக்குள்ளை என்ன கிடக்கு?" பிறகு பழசின் கைபிடியைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "இது வாகனம். பார், நிக்கிற நிலையை."

மண் ஏற்றும் ட்ரக்கில் இருபது வருடம் கழித்தவருக்குப் பாரம்தான் நம்பிக்கை. பாரம் கூடினது ரோட்டில் நிற்கும், பாரம் குறைந்தது பறக்கும். அவருடைய வேதம் அது.

"அப்பா, இது ரோட்டுக்கில்லை," என்றான் ஜெனோசன். "மலையிலை ஏறேக்கை வெயிட்தான் பின்னுக்கு இழுக்கும். புரண்டால் தூக்கேலாது. புதுசை நிது எடுக்கட்டும். எனக்கு ஓடிப் பழக்கம், பழசை நான் ஓடுறன்."

"நீ எனக்கு வாகனம் படிப்பிக்கிறியோ? உவன்ரை கையிலை புதுசைக் குடுத்தால் நேரே மேலோகம்தான். பழசு வேகமா ஓடாது, ஓடாட்டில் சாகான். சின்னவனுக்குப் பழசு. கதை முடிஞ்சுது."

"அப்பா, பழசுக்கு ஹோர்ன் இருக்கோ?" என்று நிதுசன் கேட்டான்.

"உனக்கு வாய் கிடக்குத்தானே. அது காணும்."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீதரனும் சிரித்தார். கைநீட்டுகிற மனுசன்தான். இரண்டு பெடியன்களும் அவரிடம் வாங்காத அடியில்லை. ஆனால் அடித்த கையாலேயே மருந்தும் பூசுவார். சின்னவன் ஒருதரம் சைக்கிளோடு மோர்னிங்சைட் ரோட்டில் கார்களுக்கிடையே பாய்ந்தபோது, பெல்ட்டால் விளாசிவிட்டு, அந்தத் தழும்புகளுக்குத் தானே ஒத்தடம் கொடுத்தபடி அழுதவர். பயம் வந்தால் அவருக்குக் கைதான் முதலில் எழும்பும்.

போன கிழமை ஜெனோசனிடமிருந்து ஃபோன் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியைப் பாலேஸ்வரி மறக்கமாட்டாள். உயிர் இருக்கா என்று அவர் கேட்கவில்லை.

"எது புரண்டது? பழசோ, புதுசோ?"

பதில் வந்தது. ஃபோனை அவளிடம் நீட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். உள்ளே சுவரில் ஏதோ மோதுகிற சத்தம் கேட்டது. தேங்காயைச் சுவரில் மோதினாற்போல, நின்று நின்று, ஒரே அளவில். கதவைத் திறந்து வெளியே வந்தபோது நெற்றி முட்டையாக வீங்கியிருந்தது. அதுக்குப் பிறகுதான், துக்கம் விசாரிக்க வந்த முதல் ஆளிடமே, "பெரியவன்தான் பழசைக் குடுத்துத் தம்பியைச் சாக்காட்டினவன்" என்று அவர் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் உறுதியானது. அடுத்தடுத்த நாட்களில் அதை அவரே நம்பிவிட்டார் போலிருந்தது. பாலேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

மண்டபம் நிறைந்திருந்தது. கறுப்பு ஜாக்கெட்டுகளோடு நிதுசனின் கூட்டாளிகள் பின்வரிசையில் நின்றார்கள். பெட்டிக்குள் அவன் வேட்டி சால்வையோடு கிடந்தான். நெஞ்சுப் பக்கம் மட்டும் பூக்களை அளவுக்கு அதிகமாக அடுக்கியிருந்தார்கள். ஏனென்று பாலேஸ்வரிக்குத் தெரியும். அவள் அங்கே பார்க்கவில்லை.

அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். தாழ்த்தினால் கேட்காது என்று நினைத்திருக்கவேண்டும்.

"எங்கடை பிள்ளையளுக்கு ஏன் உந்த விளையாட்டு? பனியைக் கண்டால் வீட்டுக்குள்ளை இருக்கிறதை விட்டுட்டு."

"உன்ரை மோன் மட்டும் என்ன, வானத்திலையிருந்து குதிக்கிறானாமே."

"அது கயிறு கட்டிக் குதிக்கிறது."

"இல்லையப்பா, குடை விரிச்சுக் குதிக்கிறது. அது கிடக்கட்டும், அங்கை பார். பெரியவன் வாறான். நெஞ்சுரம் பார். பழசைத் தம்பியின்ரை தலையிலை கட்டிப்போட்டு."

ஜெனோசன் நடுவால் நடந்து வந்தான். சனம் வழிவிட்டது. வழிவிட்ட விதத்தில் மரியாதை இருக்கவில்லை. ஐயர் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டிருந்தார். அவன் தட்டிலிருந்து அரிசியைக் கையில் எடுத்தபோது ஸ்ரீதரன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"தொடாதை."

"அப்பா, போட்டிட்டுப் போறன்."

தட்டு பறந்தது. அரிசி பெட்டிக்குள்ளும் கம்பளத்திலும் ஐயரின் மடியிலும் சிதறியது. ஸ்ரீதரன் மகனின் கழுத்துப்பட்டியைச் சேர்த்துப் பிடித்து மறுகையால் முகத்தில் குத்தினார். ஒன்று, பிறகு இன்னொன்று. ஜெனோசனின் தலை பெட்டியின் மூடியில் மோதியது. அவன் கையைத் தூக்கவில்லை. பின்வரிசைப் பெடியன்கள் ஓடிவந்தார்கள். வீங்கிய உதட்டோடு ராகுலன் குறுக்கே விழுந்து, "விடுங்கோ அத்தான், பிள்ளை கிடக்கிறான் இதிலை," என்று கெஞ்சினான். பிடி தளரவில்லை. வியர்வையில் திருநீறு கரைந்து, நெற்றியில் அந்தக் கறுத்த வீக்கம் வெளியே தெரிந்தது.

"சொல்லு. இந்தச் சனத்துக்குச் சொல்லு. ஆரடா என்ரை பிள்ளைக்குப் பழசைக் குடுத்தது? வாயைத் திறந்து சொல்லடா."

ஜெனோசன் உதட்டு இரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். அவனுடைய கண் தகப்பனை விட்டு விலகவில்லை.

"அப்பா, கடையிலை வைச்சுப் பழசை எடுக்கச் சொன்னது—"

பாலேஸ்வரி எப்போது எழும்பினாள், எப்படி அந்த ஏழெட்டுப் பேரை விலக்கினாள் என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவளுடைய கை ஜெனோசனின் கன்னத்தில் விழுந்த சத்தத்தில் மண்டபம் அடங்கியது. மறுபடியும் அடித்தாள். அந்த வீட்டில் அடிக்கிற வேலை ஒருவருடையது. பெற்ற நாள் தொடக்கம் இரண்டு பிள்ளைகளில் ஒருவன்மேலும் அவள் கை நீட்டியதில்லை.

"வாயை மூடு," என்றாள். "தம்பி படுத்திருக்கிறான். வாயை மூடடா."

பின்னால் ஒரு குரல் மெல்ல வந்தது. "பெத்த தாயே அடிக்கிறாள் எண்டால் பாரன்."

ஜெனோசன் தாயைப் பார்த்தான். அவளுடைய கை இன்னும் இறங்காமல் காற்றில் நின்றது. அவள் கண் அவனைப் பார்த்தது, பிறகு ஸ்ரீதரனின் நெற்றிக்குப் போனது, திரும்ப அவனிடம் வந்தது. அவன் அந்த நெற்றியைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். எங்கோ ஒரு குழந்தை இருமியது.

"ஓம் அப்பா," என்றான். "நான்தான் குடுத்தனான்."

சனம் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. இனி அது ஸ்காபரோ முழுக்கப் போகும். அஜின்கோர்ட் கடைகளில், கலியாண வீடுகளில், அவனுக்குப் பெண் கேட்டுப் போகிற வாசல்களில், அவனுக்கு முன்னால் போய் நிற்கும்.

ஸ்ரீதரனின் பிடி கழுத்துப்பட்டியிலிருந்து தானாகக் கழன்றது. ஓங்கிய கை கீழே தொங்கியது. ராகுலன் கதிரையை இழுத்து வைக்க, அதில் இருக்கத் தெரியாத ஆள் மாதிரி, அதன் கையில் பாதியும் வெளியே பாதியுமாக இருந்தார்.

ஐயர் தன் மடியில் கிடந்த அரிசியைத் திரட்டி ஜெனோசனின் கையில் கொடுத்தார்.

*

தகனத்துக்குப் போகக் கார்கள் வரிசையில் நின்றன. ராகுலன் வாய்க்கு ஐஸ் வைத்துக்கொண்டு வேறொரு காரில் ஏறினான். ஸ்ரீதரனின் கை காரின் திறப்பைப் பிடிக்கிற நிலையில் இல்லை. ஜெனோசன் அதை வாங்கி ஓட்டுனர் இருக்கையில் ஏறினான். பாலேஸ்வரி பின்னால் ஏறினாள்.

முன்னுக்கு இருந்த ஸ்ரீதரன் பெல்ட் போடவில்லை. கார் கிணிகிணி என்று கத்தத் தொடங்கியது. அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. பெட்டியோடு முன்னால் நின்ற கறுப்பு வாகனம் நகர்ந்தது. சத்தம் கூடிக்கொண்டே போனது.

ஜெனோசன் எட்டி, தகப்பனுக்குக் குறுக்கால் கையைப் போட்டு, பெல்ட்டை இழுத்துப் பூட்டினான். இழுக்கும்போது அவனுடைய கை அவருடைய நெஞ்சில் பட்டது. ஸ்ரீதரன் அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். தட்டிவிடவில்லை.

கார் அமைதியானது.

பாலேஸ்வரி நிமிர்ந்தபோது மேலேயிருந்த கண்ணாடியில் மகனின் கன்னம் தெரிந்தது. அவளுடைய விரல்கள் அதில் சிவந்து கிடந்தன. அவன் கையை உயர்த்தி, வண்டி எடுக்கமுன் எந்த ஓட்டுனரும் செய்வதைப் போல, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பினான். இப்போது அதில் பின்னால் வருகிற கார்கள் மட்டும் தெரிந்தன. பட்டப்பகலில் எல்லாம் லைட் போட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள் வந்துகொண்டிருந்தன.