வெள்ளைச் சட்டைப் படங்கள்

லிஃப்ட் ரிப்பேர் என் தொழில். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பொறுமையா இருங்க, இதோ வந்துட்டோம்" என்று நாள் முழுக்கச் சொல்பவன். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து மூன்று வருஷமாகிறது, உருப்படியாக ஒரு படம் முடித்ததில்லை. ஒன்றில் அரை மணி நேரம் நிற்பதற்குள் இன்னொன்று கண்ணில் படும், தாவிவிடுவேன்.

"இந்த ஒண்ணையாவது முடிங்க. இல்லேன்னா அந்த டெலஸ்கோப்பை யாருக்காவது தூக்கிக் குடுத்துடுங்க" என்றாள் மனைவி. குறைமாதக் குழந்தைகள் வார்டில் இரவு நர்ஸ் அவள். ரோஷத்தில் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த ஒன்று, சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஐந்தைந்து நிமிஷமாக நூற்றைம்பது படங்கள் எடுத்துச் சேர்த்தால்தான் இழை இழையாக வெளியே வரும். அதற்கு நான்கு இரவுகள். அடுத்த வாரம் பக்கத்துக் கிடங்கில் பெரிய விளக்குகள் எரியப் போகின்றன. அப்புறம் எங்கள் மாடியிலிருந்து நிலாதான் தெரியும்.

கேமராக் கண்ணாடியில் தூசி இருந்தால் அதன் நிழல் எல்லாப் படத்திலும் வளையமாக விழும். வழி உண்டு. தூசியையும் கேமராவையும் தொடாமல், தொலைநோக்கியின் வாயில் வெள்ளைச் சட்டையை இழுத்துக் கட்டி, காலை வெளிச்சத்தில் முப்பது படம் எடுக்கவேண்டும். அவற்றில் தூசியின் நிழல் மட்டும் விழும்; அதை வைத்துக் கம்ப்யூட்டரில் மற்றப் படங்களின் நிழலை நீக்கிவிடலாம். முதல் நாளே மனைவியை உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன். கொட்டாவி விட்டபடி கேட்டாள். நான்தான் எடுக்கவில்லை. கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று இரவுகள் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. நான்காம் இரவு உட்காரவே முடியவில்லை. மாடியை எத்தனை தடவை சுற்றினேனோ! விடியற்காலை நான்கு மணிக்குப் படங்களைத் திறந்து பார்த்தால், முக்கியமான இழையின் மேலேயே ஒரு தூசி வளையம். எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, கேமராவைக் கழற்றி, காற்றடித்துக் கண்ணாடியைச் சுத்தமாக்கிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. தூசி போய்விட்டது. நிழல் நூற்றைம்பது படங்களிலும் அப்படியே இருக்கிறது. இனி எந்தத் தூசியைச் சட்டை கட்டி எடுப்பது? என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏழு மணிக்கு அவள் வந்தாள். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன்.

"யாரு உன்னை மாடியில போர்வை உதறச் சொன்னது? அந்தத் தூசிதான்! எல்லாம் போச்சு!"

அவள் சொம்பில் தண்ணீர் எடுத்து நிதானமாகக் குடித்தாள்.

"கேமராவைக் கழட்டிட்டீங்களா?"

"ஊதியும் விட்டுட்டேன்."

"அதானே பார்த்தேன்."

லேப்டாப்பைத் திறந்து ஒரு ஃபோல்டரைக் காட்டினாள். 'சட்டை' என்று பெயர். உள்ளே முப்பது வெள்ளைப் படங்கள், ஒவ்வொன்றிலும் அதே வளையம்.

"நேத்துக் காலைல நீங்க தூங்கினப்புறம் எடுத்தேன். இன்னைக்கு நீங்க எதையாவது பண்ணி வைப்பீங்கன்னு தெரியும்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எங்க சொல்ல விட்டீங்க? நேத்து நான் டூட்டிக்குக் கிளம்பற வரைக்கும் மாடியிலயே இருந்தீங்க, இப்ப வந்ததுல இருந்து கத்திக்கிட்டுதானே இருக்கீங்க!"

வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடுவதற்குள், என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவாறே தூங்கிப்போனாள். மெல்ல அவள் தலை என் தோளுக்கு வந்தது.

அவளுடைய முப்பதையும் கொடுத்து ஓடவிட்டேன்; படங்கள் சேர்ந்து முடிய ஒரு மணி நேரம் ஆனது. மடியில் இருந்த திரையில் சிவப்பும் நீலமுமாக இழைகள், ஒரு வளையம்கூட இல்லாமல். அவளை எழுப்பிக் காட்ட நாலு தடவை கை போயிற்று. எட்டு மணி நேரம் விழித்திருந்து வந்தவள். கையை எடுத்துக்கொண்டேன். அவளாக விழிக்கட்டும் என்று, கால் மரத்துப்போனதையும் பொருட்படுத்தாமல், பத்தரை மணிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.