பாதம் வைத்த எழுத்து

"எழுத்துக்கெல்லாம் எதுக்கும்மா செருப்பு?"

"செருப்பு இல்ல சார், பாதம். நிக்கணும் இல்ல?" என்றாள் அக்கா.

"எங்க எழுத்துங்க வெறுங்காலோட ஓடுதே. என்னா சுறுசுறுப்பு!"

"ஓடட்டும் சார். கடைப் பலகையில, பஸ் முதுகுல நல்லாவே ஓடும். இது உக்காந்து கதை பேசற எழுத்து."

கிண்டல் செய்தவர் எங்கள் பதிப்பகத்தின் கணினிப் பிரிவுத் தலைவர். நான் அங்கே மெய்ப்புத் திருத்துகிறேன். எழுத்துரு வரைவது அக்காவின் தொழில். உலக நாவல் வரிசைக்கு அவருடைய எழுத்தா, அக்காவுடையதா என்று பதிப்பாளர் அம்மா இன்று முடிவு செய்யப் போகிறார். அக்காவின் எழுத்து இதுவரை ஒரு புத்தகத்திலும் ஏறியதில்லை. இங்கேயும் வேண்டாமென்றால் அது அவளுடைய கணினிக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அதைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாமல் வேறு யார் பீற்றிக்கொள்வது? நிமிர்ந்த கோடுகள் தடிமன், படுத்த கோடுகள் மெல்லிசு. ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சின்ன விரிவு, மேசைக்கால் தரையைத் தொடுகிற இடம் போல. தொழிலில் அதற்குச் செரிஃப் என்று பெயர். அந்தப் பாதங்கள் வரிசையாக நிற்கும்போது வரியின் அடியில் வரையாத கோடு ஒன்று ஓடும். கண் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும். தூரத்துப் பலகைக்கு இது ஆகாது. மெல்லிய கோடுகள் கரைந்துவிடும். தடித்த நாவல்தான் இதற்கு வீடு.

மாதிரிப் பக்கத்தில் அர்த்தமில்லாத சொற்களை நிரப்புவதுதான் வழக்கம். அப்போதுதான் பார்க்கிறவர் எழுத்தை மட்டும் பார்ப்பார். நிரப்பும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். நானோ, படித்துக் கிறங்கிப் போயிருந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் முதல் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். தொடக்கம் தலைவரின் எழுத்தில், தொடர்ச்சி அக்காவின் எழுத்தில்.

"அடிப்பாவி!" அக்கா என் காதோரம் சீறினாள். "கதையப் படிச்சா எழுத்தை எப்படிடி பாப்பாங்க?"

பதிப்பாளர் அம்மா சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்தார். தலைவரின் எழுத்து இருந்த தாளில் அங்கங்கே வட்டம் போட்டார். "இதுல ரவும் துணைக்காலும் ஒண்ணு மாதிரியே இருக்கே" என்றார். ஒரு வரியை இரண்டு தடவை படித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு அக்காவின் பக்கங்களை எடுத்தார்.

முதல் வரியில் பேனா தாளைத் தொட்டது. அதோடு சரி.

கதையில் ஒருத்தி தவறான நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்குகிறாள். பறவைக் கூண்டோடு நிற்கிற யாரோ ஒருவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பதிப்பாளர் அம்மா பக்கத்தைப் புரட்டினார். பேனாவை மூடிவிட்டு இன்னொன்றைப் புரட்டினார். தலைவர் தொண்டையைச் செருமினார். பதிப்பாளர் அம்மா நிமிரவேயில்லை.

அக்கா என் கையைப் பிடித்தாள். இந்தத் தடவை சீறுவதற்கு அல்ல. அவள் முதுகு நிமிர்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இத்தனை நேரமும் அந்த அம்மா ஒரு எழுத்தைக்கூடக் கவனிக்கவில்லை. எழுத்தை மறந்து கதைக்குள் போக வைத்தது என் அக்கா!

கடைசிப் பக்கம் பாதி வாக்கியத்தில் நின்றது. அதற்குமேல் நாங்கள் எதுவும் அச்செடுக்கவில்லை.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே பதிப்பாளர் அம்மா கையை நீட்டினார்.

"அவன் யாரும்மா? அடுத்த பக்கம் எங்க? குடு."