ஹதீரா கேட்ட அளவு

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது; முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். மாமுஜு நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊரின் மண்ணிலும் கல்லிலும் இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல். எவ்வளவு கூடுதல் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு நேரான பதில் கிடைக்க அவள் பட்ட பாட்டை, பக்கத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளாக நான் கண்ணால் பார்த்தேன்.

"கொக்கோ காய்கள் பழுத்துத் தொங்கிய ஒரு காலையில் ஹதீரா, தன் வீட்டின்"

[போதும், இந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன். கொக்கோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?]

2.

ஹதீராவின் ஒரே மகள் ரஸ்னி, மகாசர் நகரத்தில் குடித்தனம் செய்கிறவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப் பெட்டி கட்டியவளை, மாமியார் வீட்டில் யாரோ கைப்பேசியில் காட்டிய, எங்கள் ஊர்க் கதிர்வீச்சைப் பற்றிய செய்தி நிறுத்திவிட்டது.

"கிந்தோ, எனக்கும் உன்கிட்ட வந்து பெத்துக்கணும்னுதான் ஆசை," என்று அம்மாவிடம் போனில் சொன்னாள்; எங்கள் பேச்சில் அம்மா என்றால் கிந்தோ. "நம்ம வீட்டுல எவ்வளவு இருக்குன்னு யாராவது ஒழுங்கா சொல்லட்டும், வர்றேன்."

"அவ்வளவுதானே? கேட்டுச் சொல்றேன்."

[அவ்வளவுதானே! பின்னால் இதை நினைத்து அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.]

ஹதீரா கைப்பேசியில் தேடினாள். ஒரு இணையதளம் ஊரைக் காலி பண்ணச் சொன்னது. இன்னொன்று, வாழைப்பழத்திலும் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, அதைத் தின்கிற மாதிரிதான், போ என்றது. மூன்றாவது கடற்கரையையும் மலையையும் கலந்து மாவட்டத்துக்கே ஒரு சராசரி போட்டிருந்தது. நான்காவது, ஆதாரம் என்று முதல் தளத்தையே காட்டியது. ஹதீரா விடவில்லை. ஒருநாள் எங்கள் ஊருக்கு ஒரு குட்டி எண்ணையும் மகாசருக்கு ஒரு பெரிய எண்ணையும் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்குத் தெருவுக்கே மரவள்ளி ரொட்டியும் மீன்குழம்பும்.

மகள் போனில் சிரித்துவிட்டாள். "நம்ம ஊருக்குப் போட்டிருக்கிறது ஒரு மணி நேரத்துக்கு. மகாசருக்குப் போட்டிருக்கிறது ஒரு வருஷத்துக்கு. தினக்கூலியை வருஷச் சம்பளத்தோட ஒப்பிடுவியா நீ?"

"தின்னவங்க யாரும் மீனைத் திருப்பித் தரப்போறதில்ல," என்றாள் ஹதீரா என்னிடம். "போகட்டும். அளக்கிறவங்களையே வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன்."

3.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவள் நிஜமாகவே இத்தனை பிடிவாதக்காரியா, நான் ஆக்கிவிட்டேனா? ஒரு வரைவில் அவளை உட்காரவைத்து அழவிட்டுப் பார்த்தேன். ஒட்டவேயில்லை. அழுகிற நேரத்தில் அவள் போய், ஊருக்குள் வந்த ஆய்வுக்கூட வண்டிக்குக் குறுக்கே நின்றிருப்பாள். நின்றாள்.

வண்டியிலிருந்து வஹ்யுனி என்ற ஆய்வாளர் கருவியோடு இறங்கினார். கால்மரங்களின் மேல் நிற்கிற பழைய மரவீட்டில் அளந்தார்: [ ]. பின்னால், பிரசவத்துக்கென்றே ஹதீரா ஆசை ஆசையாகத் தரையோடு கட்டிய சிமெண்ட் அறையிலும் அளந்தார்: [ ]. சிமெண்ட் அறையில்தான் கூடுதல். சுவரெல்லாம் எங்கள் மலைக்கல்.

[அடைப்புக்குள் எண்கள் இருந்தன. எடுத்துவிட்டேன். நான் போடுவது கற்பனை எண். நாளைக்கே ஒருவர் அதை வெட்டி ஒட்டி "மாமுஜுவில் இவ்வளவாம்" என்று அனுப்புவார். ஐந்தாவது தளமாக நான் இருக்க மாட்டேன்.]

"பயமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்றாள் ஹதீரா.

"அளந்ததைத்தான் சொல்ல முடியும் ஈபு," என்றார் வஹ்யுனி; ஈபு என்றால் மரியாதையாக அம்மா. "இது இன்னிக்கு அளவு. கல்லுலேர்ந்து கசிஞ்சு அறைக்குள்ள சேர்ற கதிர்வீச்சு வாயுவைப் பார்க்கணும்னா, அதைப் பதிவு பண்ற ஒரு குப்பியைச் சில மாசம் தொங்கவிடணும்."

"அதுக்குள்ள பேரப்பிள்ளை குப்புற விழுந்திடும்."

"தெரியாததைத் தெரியும்னு சொல்லட்டுமா?"

ஹதீரா அந்தச் சுவரை ஒருமுறை தடவினாள். "வேணாம். அதுக்கு ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க. குப்பியைத் தொங்கவிடுங்க."

4.

முடிவு அ: ரஸ்னி வருகிறாள், எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறோம். [மலிவு.]

முடிவு ஆ: அவள் வரவில்லை, சிமெண்ட் அறை பூட்டிக் கிடக்கிறது. [இதுவும் மலிவுதான். சோகமாக இருப்பதால் இலக்கியம் மாதிரித் தெரிகிறது.]

என்னால் எழுத முடிவது, அளந்த அன்றைக்கு ஹதீரா மகளோடு பேசிய போன் பேச்சை மட்டும்தான். அந்த அறையைப் பற்றி வாயைத் திறக்காதே என்று நான் கண்ணைக் காட்டினேன். ஹதீரா என் பக்கம் திரும்பவேயில்லை. மரவீட்டு அளவு, சிமெண்ட் அறை அளவு, இரண்டும் மணிக்கணக்கு, குப்பி முடிவு வர மாசக்கணக்காகும், அளந்தவர் போன் நம்பர் இது. ஒன்று விடாமல் சொன்னாள்.

"இப்ப நான் வரட்டுமா வேணாமா, கிந்தோ?"

"நீ வரணும்னு எனக்கு உயிரே துடிக்குதுடி." போனை மறு காதுக்கு மாற்றினாள். "அளவையும் சொல்லிட்டேன், ஆசையையும் சொல்லிட்டேன். ரெண்டையும் ஒண்ணா கூட்டிடாதே."

ரஸ்னி என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம். நான் எண்ணை எடுத்துவிட்ட அடைப்புகளுக்குள் மட்டும் எதையும் எழுதாதீர்கள். அதை அளந்தவரிடம் கேளுங்கள்.