தப்பான தோளில் விழுந்த சால்வை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி. பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அதில் ஆறாவது வார்டு கவுன்சிலர் இளவரசி. ஓட்டு வாங்கியது அவள், கையெழுத்துப் போடுவதும் அவள். பேசுவது மட்டும் அவள் புருஷன் ஜெகதீசன். மன்றக் கூட்டத்தில் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே உட்காரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் அதுபாட்டுக்குச் சொல்லட்டும் என்று ஊரே விட்டுவிட்டது.

ஜெகதீசன் கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாயும் பேரூராட்சித் தலைவர் சக்கரபாணியைக் கண்டால் குழைந்துவிடும். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம் தலைவரே" என்று தன் வார்டு விஷயத்தைத் தானே தள்ளிப்போட்டுவிட்டு, பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி வெளியே வருவான்.

அப்படித் தள்ளித் தள்ளியே போனதுதான் ஏரிக்கரைத் தெரு விளக்கு. கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. பைபாஸில் கம்பெனி வேனை விட்டு இறங்கும் பெண்கள் செல்போனைக் காட்டிக்கொண்டு நடந்து வருகிறார்கள். போன வாரம் ஜெகதீசனின் தங்கை கலைப்பிரியாவே அந்த இருட்டில் பள்ளத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள்.

"அண்ணி, இன்னிக்கும் லைட்டு வாங்காம வந்தீன்னு வெச்சிக்க, இனிமே ஓட்டு கேட்டுக்கினு எங்க தெருவுக்கு வராத. நானே போட மாட்டேன்" என்று கூட்டத்தன்று காலையில் குழாயடியில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள்.

இளவரசிக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு நானே எழுந்து பேசுவேன் என்று நினைத்தாள்.

கூட்டத்தில் முதல் வேலை முன்னாள் ராணுவத்தினருக்கு மரியாதை. சுதந்திர தினத்தையொட்டி வருஷா வருஷம் நடப்பது. வார்டுக்கு ஒருவரைக் கவுன்சிலர்கள் கூட்டிவர வேண்டும். ஆறாவது வார்டில், அதே ஏரிக்கரைத் தெருவில், போன தையில்தான் விருத்தாசலம் என்பவர் வீடு கட்டிப் பால் காய்ச்சிக் குடிவந்திருந்தார். நல்ல உயரம், முறுக்கிய மீசை, ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். வந்த சூட்டிலேயே அது 'மிலிட்டரிக்காரர் வீடு' ஆகிவிட்டது. ஜெகதீசன்தான் போன் போட்டான்.

"சார், மிலிட்டரிக்கு மரியாதை பண்றோம். குடும்பத்தோட வந்துடுங்க."

"ரொம்ப சந்தோஷம், கட்டாயம் வர்றோம்" என்றார் அவர்.

வந்தார்கள். அவரைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார்கள். அவர் மனைவி வேணியைப் பெண்கள் பக்கமாக, இளவரசிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் சிரித்த கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேருக்குச் சால்வை போட்டு முடிந்தது. சக்கரபாணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்ததா, எல்லையில நின்னு நம்மள காப்பாத்தின சிங்கம், ஐயா விருத்தாசலம் அவர்கள்!"

சால்வை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். விருத்தாசலம் தன் தோளையே ஒரு தரம் பார்த்தார், மனைவியை ஒரு தரம் பார்த்தார், மைக்கை வாங்கினார்.

"தலைவரே, சின்ன தப்பு நடந்துபோச்சிங்க. நான் டிராயிங் மாஸ்டர். பசங்களுக்கு மாங்கா வரைய சொல்லிக் குடுத்தே ரிட்டயர்டு ஆனவன். எல்லைய நான் மேப்புலதான் பாத்திருக்கேன். மிலிட்டரி எங்க வீட்டம்மா. மிலிட்டரி ஆஸ்பத்திரில நர்ஸு, மேஜரா ரிட்டயர்டு."

சக்கரபாணி முகத்தில் ஈயாடவில்லை.

"மீசைய பாத்துட்டு நான்தான்..." என்று ஜெகதீசன் முனகினான்.

"மீசை நானா வளத்ததுங்க தம்பி, கவர்மெண்டு குடுத்தது இல்ல" என்றார் விருத்தாசலம். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

சக்கரபாணி சால்வையை வாங்கிக்கொண்டு அவசரமாக இறங்கி வந்தார். வேணிக்கு எதிரில் வந்ததும் கை நின்றுவிட்டது. ஆம்பிளை கையால் பெண்ணுக்குச் சால்வை போர்த்தும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது. ஒரு பெண்தான் போர்த்த வேண்டும். "ஆறாவது வார்டுதானே, கவுன்சிலர் போடட்டும்" என்று சொல்லிக்கொண்டே சால்வையை நீட்டினார். பழக்க தோஷம், இளவரசியின் தலைக்கு மேலாக ஜெகதீசனிடம் நீட்டினார். அவனும் எழுந்து இரண்டு கையையும் நீட்டினான்!

இளவரசி நடுவிலேயே அதை எட்டி வாங்கிக்கொண்டாள். இந்த முறை சிரிப்பு கூரையை முட்டியது.

வேணியின் தோளில் போர்த்தும்போது இளவரசியின் கை வெடவெடத்தது.

"இன்னாம்மா, இப்படி நடுங்குது?" என்று மெதுவாகக் கேட்டாள் வேணி.

"நம்ம தெரு லைட்டு விஷயம் பேசணும் மேடம். பயமா இருக்குது."

"கைதானே நடுங்குது, வாய் நல்லாத்தானே இருக்குது? பேசு."

இளவரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே மைக்கைப் பிடித்தாள்.

"ஆறாவது வார்டு கவுன்சிலர் பேசுறேங்க."

"தலைவரே, அது அடுத்த கூட்டத்துல..." என்று பின்னால் ஜெகதீசன் ஆரம்பித்தான்.

"நீங்க உக்காருங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமல். உட்கார்ந்துவிட்டான்.

"மேஜரம்மாவுக்கு எல்லாரும் கைதட்டினோம். வெளிய எங்கனா போய்ட்டு பொழுது சாய்ஞ்சி வந்தா அவங்களும் செல்லு வெளிச்சத்துலதான் வூடு போவணும். எங்க நாத்தனா விழுந்து முட்டிய பேத்துக்கினு கெடக்குது. ஏரிக்கரைத் தெரு லைட்டுக்கு இப்பவே தீர்மானம் போடுங்க. போடாம நான் டீ குடிக்க மாட்டேன், உங்களையும் குடிக்க விட மாட்டேன்."

வாசலில் பஜ்ஜி வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. மூணாவது வார்டு லட்சுமியம்மாள் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவது அவள் மகன். "நான் ஆதரிக்கிறேன். டேய், நீ சும்மா இருடா" என்றாள். அவள் குரலை மன்றம் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டது. அப்புறம் ஒவ்வொரு கையாக எழுந்தது. தப்பான தோளில் சால்வை போட்ட சக்கரபாணி அதற்கு மேல் தகராறு பண்ணத் துணியவில்லை.

"தீர்மானம் நிறைவேறிச்சி. இந்த வாரமே லைட்டு போட்டுடலாம். டீய எடுத்தாங்கப்பா."

திரும்பும்போது ஜெகதீசன் வண்டியை ஓட்ட, இளவரசி பின்னால் உட்கார்ந்துவந்தாள். ஏரி மதகு தாண்டியதும் அவன் சொன்னான்.

"அத்தன பேரு எதிர்ல என்ன உக்கார சொல்லிட்டியே."

"நீங்களும் உக்காந்துட்டீங்களே!"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாத்தான் பேசின, போ" என்றான்.

ஓட்டு எண்ணிய அன்று வந்த மாலையெல்லாம் அவன் கழுத்தில்தான் விழுந்தது. அவள் ஓரமாக நின்று ஊரோடு சேர்ந்து கைதட்டிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போட உள்ளே போய்விட்டாள். அன்று வராத சந்தோஷம் இப்போது நெஞ்சு கொள்ளாமல் வந்தது. முன்னால் குனிந்து அவன் காதருகில் சொன்னாள்.

"ஏங்க, நான் ஜெயிச்சிட்டேங்க."

"எதுல?"

"எலெக்‌ஷன்ல."