டிஷ்யூ வைக்காத மேசை

ஹைக்கல்தான். வேற யார்? ஹுவேமினுக்கு அதில் துளி சந்தேகம் இல்லை. அவள் எழுதிய சோதனை நிரல் ஓடும்போதெல்லாம், 'இந்த போர்ட் எண் ஏற்கெனவே பயன்பாட்டில்' என்று திரை சிவக்கிறது. திரும்பிப் பார்த்தால் அந்த மனுஷன் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கோப்பி உறிஞ்சுகிறான். இருவர் சோதனையும் ஓடுவது ஒரே கணினியில்; ஒரு போர்ட் எண்ணில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் உட்கார முடியும். அவனுக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இவளை மட்டம் தட்டினால்தானே அவன் மேலே வரலாம்!

காலையில் மேலாளர் பெர்னார்டிடம் போட்டுக்கொடுத்தேவிட்டாள்.

"வேணும்னே என் எண்ணைப் புடுங்குறான். காலியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் நான் எடுக்கறேன்."

"சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லி அனுப்பிடறேன்," என்றார் பெர்னார்ட். "நாளையிலேர்ந்து வரமாட்டான்."

மதியம் உணவங்காடியில் நிற்க இடமில்லை. "உனக்கும் சேத்து இடம் போட்டிருக்கேன், வா," என்று ஹைக்கல் கூப்பிட்டான். மேசைமேல் இடம் பிடித்ததற்கு அடையாளமாக அவன் வைத்த டிஷ்யூ பாக்கெட். இந்தக் கரிசனம் எதற்கு? எதைக் கறக்கப் பார்க்கிறான்? அவள் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் ஒருவர் தட்டோடு சண்டைக்கு நின்றார்.

"காலியா இருக்குன்னு பாத்துட்டுத்தானே மீ நூடுல்ஸ் வாங்கப் போனேன்?"

"டிஷ்யூ வச்சியா?" உட்கார்ந்திருந்த ஆன்ட்டி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பாத்துட்டா உன்னுதாயிடுமா?"

"எந்த ஊர்க்காரனோ பாவம்," என்று ஹைக்கல் சிரித்தான்.

ஹுவேமின் கரண்டியைக் கீழே வைத்தாள். காலையில் அவள் சொன்ன அதே பேச்சு! அவள் நிரல் காலி எண் ஒன்றைக் கேட்டு வாங்குகிறது, உடனே விட்டுவிடுகிறது, பிறகு சாவகாசமாக வந்து உட்காரப் பார்க்கிறது. அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"உன் சோதனைக்கு எண் எப்படி எடுக்கற?"

"கம்ப்யூட்டரைக் கேப்பேன். குடுத்ததைக் கைய விட்டு விடமாட்டேன். ஏன்?"

அவன் கைபேசி அதிர்ந்தது. பெர்னார்ட்.

"வேலை நிரந்தரம்னு சொல்லத்தான் இருக்கும்," என்று பல்லெல்லாம் தெரியக் கை நீட்டினான். அவள் முந்திக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

"பெர்னார்ட், நான் ஹுவேமின். தப்பு என்னுது. காலையில அவனைப்பத்தி நான் சொன்னது அத்தனையும் தப்பு."

ஹைக்கலின் சிரிப்பு நின்றது. காலை முழுக்க அவள் அவனைப் பார்த்த அதே பார்வையை இப்போது அவன் அவள்மேல் வைத்திருந்தான்.