மாஸ்டர் வீட்டு விருந்து

மாடி அறையில் தங்கதுரை பிராந்தி பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கோணிப்பைக்குள் இறக்கப்போனபோது அன்புசெல்வி அவர் கையைப் பிடித்தாள்.

“இருக்கட்டுங்க சித்தப்பா.”

“ஆம்புலன்ஸ் பல்லடம் ரோட்டுக்கு வந்துருச்சாம் கண்ணு. சனம் மேல ஏறி வந்து பாத்தா, குடிச்சே செத்தான்னுதான் பேசும். அண்ணன் அதைத் தொட்டு ஆறு வருசமாச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“கதவப் பூட்டிரலாங்க.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பாட்டிலை மேசைமீதே வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

அப்பா செங்கோட்டையன் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். வெள்ளிக்கிழமையோடு வேலையிலிருந்து நின்றுகொண்டார். கூட வேலை செய்த நான்கு பேருக்கு ஞாயிறு மதியம் வீட்டில் விருந்து என்று அவரே முடிவு செய்தார். அம்மா பூவாத்தாளுக்கு அதில் சம்மதமே இல்லை.

“ஊட்டுக்குள்ள சரக்கு எதுக்குங்க? கடையிலயே வாங்கிக் குடுத்து அனுப்பீருங்க.”

“இத்தன வருசமா ரோட்டோரம் நின்னு, பிளாஸ்டிக் டம்ளர்ல ஊத்தி, யாராச்சும் பாத்துருவாங்கன்னு அவசரமாக் குடிச்சவங்க பூவு. ஒரு நாளாச்சும் ஒரு ஊட்ல, நாற்காலில உக்காந்து குடிக்கட்டும்.”

அம்மா உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரங்கள் சத்தமாக விழுந்தன.

சனிக்கிழமை அப்பா சொல்லச் சொல்ல அன்புசெல்வி போனில் குறித்துக்கொண்டாள். கன்னையனுக்குப் பிராந்தி, வெந்நீர் கலந்து. பெரியகருப்பனுக்கு பீர்; மூன்றாவது கேட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். மற்ற இருவருக்கும் விஸ்கி. அதில் ஒருவருக்குச் சர்க்கரை, அதனால் வெறும் சோடா. வறுத்த கடலை, வெள்ளரி, மிளகு தூவிய முட்டை. வாடகைக்கு எடுத்து வந்த கண்ணாடி டம்ளர்களை அப்பா ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கி, துணியில் ஓட்டை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“உங்களுக்கு என்னங்கப்பா?”

“எலுமிச்ச சோடா. ஊத்திக் குடுக்கறவன் தெளிவா இருக்கோணுமில்ல.”

ஞாயிறு காலையில் ஐஸ் வாங்க வண்டிச் சாவியோடு இறங்கியவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் முடிந்துபோனது.

சொந்தக்காரர்கள் வந்து நிறைந்தார்கள். கன்னையனும் மற்ற இருவரும் மாலையோடு வந்தார்கள். பெரியகருப்பன் மட்டும் போனை எடுக்கவில்லை. ஒரு மணிக்குப் புதுச் சட்டையும் கையில் இனிப்புப் பெட்டியுமாக வந்தவர், தெருவில் ஷாமியானாவைக் கண்டு விருந்துக்குத்தான் என்று எண்ணிச் சிரித்தபடியே உள்ளே நுழைந்தார். ஐஸ் பெட்டிக்குள் மாஸ்டரைப் பார்த்ததும் அப்படியே நின்றார். இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அன்புசெல்விதான் போய் வாங்கிக்கொண்டாள்.

மின்மயானத்துக்குப் போன ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது மணி ஆறு. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. நால்வரும் ஈரத் தலையோடு வாசலில் தயங்கி நின்றார்கள்.

அம்மா சுவரில் சாய்ந்தபடியே சொன்னாள்: “அவங்கள மேல கூட்டிட்டுப் போ கண்ணு.”

தங்கதுரை நிமிர்ந்தார். “அண்ணி, இன்னைக்கா?”

“இன்னைக்குத்தான கூப்புட்டாருங்க.”

மாடியில் நால்வரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். “வேணாம் தாயி, மனசு வரல” என்றார் பெரியகருப்பன். அன்புசெல்வி கீழே போய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, பிராந்தியில் கலந்து கன்னையன் முன்னால் வைத்தாள். ஆவி பறப்பதை அவர் பார்த்தார்.

“மாஸ்டர் சொன்னாருங்களா கண்ணு?”

“ஆமாங்க.”

அவர் டம்ளரை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். யாரும் அவசரப்படவில்லை.

படியில் சத்தம் கேட்டது. அம்மா ஏறி வந்து நின்றாள். நால்வரும் டம்ளர்களை மறைத்துக்கொண்டு எழப் பார்த்தார்கள்.

“உக்காருங்க” என்றபடி அவளும் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: “கம்பெனில அவரு எப்படிங்க இருப்பாரு? ஊட்டுல ஒன்னுமே சொன்னதில்லைங்க.”

மறைத்த டம்ளர்களை நால்வரும் மேசைமேல் வைத்தார்கள்.

“மாஸ்டர் துணி மேல கைய வச்சாருன்னா, பக்கத்துல ஒருத்தரும் பேசக் கூடாதும்மா” என்று பெரியகருப்பன் தொடங்கினார்.

கன்னையன் எழுந்து மேசை மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.